நாற்பது எலிகளின் இடமாற்றம்

நானும் என் கணவரும் வீட்டில் என்ன பேசிக்கொள்கிறோம் என்று முதன்முதலாகக் கேட்டவர் திரைச்சீலைதான். கல்யாணமாகிப் பதினேழு வருடங்கள் ஆகியிருந்தன. அதுவரை அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

திரைச்சீலை என்பது நாங்கள் வைத்த பெயர். அவர் எங்கள் ஆய்வுக்கூடத்தின் மறைப்புப் பேணல் குழுவுக்குத் தலைவர். கதவு, சன்னல், அலமாரி, அறிவிப்புப் பலகை என எதைக் கண்டாலும் அதற்கு ஒரு கறுப்புத் துணி தைக்கச் சொல்லிவிடுவார். பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை என்றுதான் நினைக்கிறேன்.

“சாப்பிடும்போது என்ன பேசுவீங்க?” என்றார்.

“சாப்பாட்டைப் பத்தி.”

“அப்புறம்?”

“குழாய் ஒழுகுது. அதைப் பத்தி.”

“எலியைப் பத்தி?”

“வீட்ல எலி இல்லைங்க ஐயா.”

“நான் கேக்கிறது இங்க இருக்கிற எலி” என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் அறையின் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டு வந்தார்.

இங்கே இருந்த எலிகள் எண்பது. எல்லாம் வெள்ளைச் சுண்டெலிகள். ஒவ்வொன்றின் விலாவிலும் தோலுக்கடியில் புற்றுநோய் உயிரணுக்களைச் செலுத்தியிருந்தார்கள். அங்கே ஒரு கட்டி மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தது. அந்த வளர்ச்சியை ஒரு வேதிச்சேர்மம் தடுக்குமா என்பதுதான் ஆய்வு. சேர்மத்துக்குப் பெயர் கிடையாது, எண்தான்: நாற்பத்தொன்று. எண்பதில் நாற்பது எலிகளுக்கு அதை எண்ணெயில் கரைத்து ஊசி போடுவார்கள். மற்ற நாற்பதுக்கு வெறும் எண்ணெய். எந்த எலிக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்திருந்தார்கள்.

மருந்தைக் கலப்பதும் ஊசி போடுவதும் என் கணவரின் வேலை. திங்களும் வியாழனும், பக்கத்து அறையில், எலியின் பின்கால் மட்டும் வெளியே தெரிகிற கறுப்புப் பைக்குள் வைத்துப் போடுவார். கட்டியை அளப்பது என் வேலை. செவ்வாயும் வெள்ளியும் காலிப்பர் என்ற இடுக்கி அளவியை எடுத்துக்கொண்டு எண்பது எலிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, கட்டியின் நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று எழுதுவேன். எது மருந்து எலி, எது எண்ணெய் எலி என்று எனக்குத் தெரியக்கூடாது. கட்டி எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியக்கூடாது.

இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. உயிருள்ள கட்டி கல் மாதிரி இருக்காது. காலிப்பரின் இரண்டு தாடைகளுக்கு நடுவே அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். சிறியதாக இருந்தால் தேவலை என்று மனம் நினைத்தால் விரல் ஒரு மயிரிழை கூடுதலாக அழுத்திவிடும். அது பொய் சொல்வது இல்லை. பொய் என்றால் சொல்கிறவளுக்குத் தெரியுமே. இது எனக்கே தெரியாமல் என் கை செய்கிற தயவு. பதினோரு வருடங்களாக அளக்கிறேன், அந்தத் தயவுக்கு நான் பயந்தவள். அதனால்தான் திரைச்சீலை நீட்டிய படிவத்தில் முழுமனதோடு கையெழுத்துப் போட்டேன்.

படிவத்தின் ஒன்பதாவது விதியை அவர் வாய்விட்டுப் படித்தார். “மறைவு கலைந்தால், கலைத்த தரப்பு கிளைக்கு மாற்றப்படும்.” கிளை என்பது ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்தால் வரும் ஊர். அங்கே ஒருவரை அனுப்பினால் இரண்டு வருடங்கள் முடியாமல் திரும்ப விடுவதில்லை.

“உங்க விஷயத்துல தரப்புன்னா யாருன்னு நான் சொல்லத் தேவையில்லை” என்றார். “உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, சொன்னவர் அவராத்தான் இருப்பார். பெட்டியைக் கட்டிக்க வேண்டியதுதான்.”

*

முதல் வாரத்தில் தினசரி உறுதிமொழி வந்தது. காலையில் வேலைக்குள் நுழையும்போது, முந்தைய நாள் வீட்டில் பேசியவற்றை இருவரும் தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டையும் குழு ஒப்பிட்டுப் பார்க்கும். மூன்றாம் நாளே எங்களைக் கூப்பிட்டார்கள். ‘தலைவலி என்றேன், தைலம் தேய்த்துவிட்டாள்’ என்று அவர் எழுதியிருந்தார். நான் அதை எழுதவே இல்லை. தைலம் தேய்த்தது பேச்சு ஆகாது என்று நினைத்துவிட்டேன்.

இரண்டாம் வாரத்தில் சொற்பட்டியல் வந்தது. பெரிது, சிறிது, கூடுதல், குறைவு, வளர்ந்தது, சுருங்கியது ஆகிய சொற்களை இருவரும் ஒருவரிடம் ஒருவர் எந்தப் பொருளைப் பற்றியும் பயன்படுத்தக் கூடாது. அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் வாயில் வைத்ததும் நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வந்தார். பட்டியலை நினைத்துக்கொண்டார்.

“உப்பு இருக்கு” என்றார்.

“இருக்கணும்ல” என்றேன்.

“இல்ல… நல்லாவே இருக்கு.”

எங்களோடு இருந்த என் மாமியார் தட்டை நகர்த்திவைத்துவிட்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். முப்பது வருடங்கள் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவர். “வாயில வைக்க முடியல, அவ்வளவு உப்பு. அதைச் சொல்ல முடியாத அளவுக்கு உங்களுக்கு என்னடா வந்துடுச்சு?” என்றார் மகனிடம்.

அடுத்தது முகபாவம். ஊசி போடுபவரின் முகத்தைப் பார்த்து அளப்பவர் எதையாவது ஊகித்துவிடலாம் என்று குழுவுக்குத் தோன்றியிருக்கிறது. ஆகவே அவர் வீட்டில் மகிழ்ச்சியும் இல்லாமல் வருத்தமும் இல்லாமல் நடுநிலையான முகத்தோடு இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்கிற ஆள் அவர். கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டார்.

“என்ன அத்தை, இவரைப் பாத்தா எப்படி இருக்கு?” என்று மாமியாரிடம் கேட்டேன்.

“பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கான்.”

இதைச் சோதிக்கத் திரைச்சீலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கே வந்துவிட்டார். எங்கள் நாற்காலிகளுக்கு நடுவில் உள்ள தூரத்தை நாடாவால் அளந்தார். படுக்கையறை வாசலில் நின்று, உள்ளே போகலாமா என்று யோசித்து, கண்ணியம் கருதி எட்டி மட்டும் பார்த்தார். பிறகு மாமியார் பக்கம் திரும்பினார்.

“அம்மா, நீங்களும் ஒரு படிவத்துல கையெழுத்துப் போடணும். இவங்க பேசறதை நீங்க கேட்டு அவங்ககிட்டயும், அவங்க பேசறதைக் கேட்டு இவங்ககிட்டயும்…”

“தம்பி, முப்பது வருஷம் ஊர் முழுக்க என்ன பேசுதுன்னு இந்தக் காது வழியாத்தான் போச்சு. ஒரு வார்த்தை வெளியே விட்டதில்ல. அதுக்கு எவனும் படிவம் கேட்டதில்ல.”

“அது தொலைபேசிம்மா. இது விஞ்ஞானம்.”

“இவங்கதான் பேசறதே இல்லையே? எதை நான் கடத்தப்போறேன்?”

திரைச்சீலை மகிழ்ந்துபோனார். “பேசறதே இல்லையா? நல்லதும்மா. இதை எழுதிக்கலாமா?” என்று பேனாவை எடுத்தார்.

அவர் போன பிறகு நான் சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். மாமியார் விளையாட்டாகச் சொன்னது எனக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் ஒன்றும் ஓயாமல் பேசுகிறவர்கள் இல்லை. ஆனால் பேசாமல் இருப்பதிலும் வகைகள் உண்டு. முன்பெல்லாம் என் கணவர் செய்தித்தாள் படிக்க, நான் காய் நறுக்க, நடுவில் இருந்த அமைதி ஒரு போர்வை மாதிரி இருவருக்கும் பொதுவாகக் கிடந்தது. இப்போது ஆளுக்கு ஒரு அமைதி. அவர் எதையோ உள்ளே வைத்துக்கொண்டு சுமக்கிறார் என்று தெரிந்தது. இறக்கிவைக்க நான் இடம் தரக்கூடாது.

*

மூன்றாம் வாரத்துச் செவ்வாய்க்கிழமை எலி அறைக்குள் நுழைந்து விளக்கைப் போட்டேன். வழக்கம்போல முதல் கூண்டைத் திறந்தேன். வெள்ளை எலி. இரண்டாவது, வெள்ளை. மூன்றாவது கூண்டில் இருந்தது மஞ்சளாக இருந்தது.

முதலில் சிறுநீர் பட்டிருக்கும் என்று துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. காது மஞ்சள், வால் மஞ்சள், வயிற்று மயிர் பழைய காகிதம் போல மஞ்சள். கட்டிக்கு மேலே மழித்த தோல் எல்லாவற்றையும்விட மஞ்சள். நான்காவது வெள்ளை. ஐந்தும் ஆறும் மஞ்சள். வரிசையாக நடந்துகொண்டே எண்ணினேன். எண்ணக் கூடாது என்று தெரிந்தும் எண்ணினேன். நாற்பது.

நாற்பத்தொன்றாம் எண் சேர்மம் கட்டியை என்ன செய்கிறதோ, தோலில் சாயம் ஏற்றிவிட்டது.

காலிப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறையின் நடுவே நின்றேன். நாங்கள் இத்தனை நாள் ஒருவருக்கொருவர் உப்பைக்கூட மறைத்தோம். இங்கே நாற்பது எலிகள் மூக்கை ஆட்டிக்கொண்டு எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டன.

நேராகத் திரைச்சீலையிடம் போனேன்.

“ஐயா, எலிங்க வந்து…”

“நிறுத்துங்க!” இரண்டு கைகளையும் உயர்த்தினார். “ஒரு ஒரு படியா போவோம். நீங்க சொல்ல வந்தது கூண்டைப் பத்தியா, எலியைப் பத்தியா?”

“எலியைப் பத்தி.”

“எலிக்கு உள்ளேயா, வெளியேயா?”

“வெளியே.”

“கண்ணால பாக்கிற மாதிரியா?”

“பாக்காம இருக்க முடியாத மாதிரி.”

“எல்லா எலியிலயுமா, சிலதுல மட்டுமா?”

“சிலதுல.”

“அப்ப நீங்க அதைச் சொல்லக் கூடாது. சொன்னா உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சுடும். எனக்குத் தெரிஞ்சா மறைவு கலைஞ்சதா பதிவாயிடும். பதிவானா உங்க வீட்டுக்காரர் கிளைக்குப் போயாகணும்.” என் முகத்தை இரக்கத்தோடு பார்த்தார். “உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நீங்க ஒண்ணும் பாக்கல.”

“நீங்க ஒரு தடவை அறைக்கு வந்து பாத்தீங்கன்னா…”

“நான் அந்த அறைக்குள்ள காலே வெச்சதில்லம்மா. ஆறு வருஷமா. இந்த நிறுவனத்துல எதுவுமே தெரியாத ஒரே ஆள் நான்தான். அந்த நம்பிக்கையிலதான் என்னைத் தலைவரா போட்டிருக்காங்க.”

வெளியே வரும்போது பின்னாலேயே வந்து தாழ்ந்த குரலில் கேட்டார். “என்னன்னு சொல்லாம, என்ன செஞ்சா சரியாகும்னு மட்டும் சொல்ல முடியுமா?”

யோசித்தேன். “விளக்கை மாத்தினா கொஞ்சம் மறையலாம்.”

“என்ன நிற விளக்கு?”

விளக்கின் நிறத்தைச் சொன்னால் எலியின் நிறத்தைச் சொன்னதாகிவிடும். “தெரியலைங்க” என்றேன்.

குழு கூடி விளக்கின் நிறத்தை விவாதித்தது. எதை மறைக்க வேண்டும் என்று அறியாமலே மறைப்பதுதான் உயர்ந்த மறைப்பு என்று குறிப்பில் எழுதினார்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் வாக்குக்கு வந்தன. நீலம் அமைதியான நிறம் என்று ஆய்வுக்கூட இயக்குநர் அபிப்பிராயப்பட்டதால் ஒருமனதாக நீலம் வென்றது.

விளக்கு மாட்ட வந்த மின்பணியாளர் ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தவர். ஏணியில் ஏறியவர் பாதியிலேயே நின்றுவிட்டார்.

“என்ன தங்கச்சி, பாதி எலி எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கு?”

“எனக்கு ஒண்ணும் தெரியலண்ணே.”

“கண்ணு சரியில்லையா?”

“ஆமாண்ணே.”

“பாவம்” என்றார். நிஜமாகவே பரிதாபப்பட்டார்.

நீல விளக்கைப் போட்டதும் வெள்ளை எலிகள் எல்லாம் மெல்லிய நீலமாகின. மஞ்சள் எலிகள் கரிக்கட்டை மாதிரி கறுத்துப்போயின. மஞ்சளாக இருந்தபோதாவது தூரத்திலிருந்து பார்த்தால் கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கும். இப்போது வாசலில் நின்றே எண்ணலாம். மின்பணியாளர் ஏணியிலிருந்து இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “இதுக்கு நான் முதல்ல இருந்த விளக்கையே துடைச்சுட்டுப் போயிருப்பேனே” என்றார். அன்று மாலை அவரிடமும் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

*

அளப்பது எனக்கு நரகமாகிப்போனது. கட்டிகள் வளர்ந்தன, ஆனால் ஒரே மாதிரி வளரவில்லை. ஆறாம் வாரத்துக்குப் பிறகு வெள்ளை எலிகளில் பதினொன்று, பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று ஏறிக்கொண்டே போக, மஞ்சள் எலிகளில் கட்டி ஏழிலும் எட்டிலும் நின்று தயங்கியது. பார்த்தபோது எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. உடனே பயம் வந்தது. இது மருந்து நிறுத்தியதா, என் கை அழுத்தியதா?

அதனால் மஞ்சள் எலி என்றால் விரலைத் தளர்த்திப் பிடித்தேன். தளர்த்தினால் அளவு கூடும். அது அந்த எலிக்குச் செய்கிற துரோகம் இல்லையா என்று அடுத்த கூண்டில் கொஞ்சம் இறுக்கினேன். ஒரே கட்டியை மூன்று முறை அளந்து மூன்று விடை எழுதி, நடுவில் உள்ளதை வைத்துக்கொண்டேன். எலி என் உள்ளங்கையில் படபடவென்று துடித்துக்கொண்டு, இந்த மனுஷி ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்று பார்த்தது.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆள் எதிரே உட்கார்ந்து நடுநிலையான முகத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சேர்மத்தின் மஞ்சள் அவர் நகக்கண்களிலும் ஏறியிருந்தது. அதை மறைக்கக் குழு அவருக்கு வீட்டிலும் கையுறை கொடுத்திருந்தது. மின்சார நிறுவனத்து ஆள் மாதிரி கையுறையோடு சோறு பிசைந்தார். அவர் ஒருநாள் பால்கனியில் தனியாக நின்று கையுறையைக் கழற்றி விரல்களை வெயிலில் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வாரம் இரண்டு முறை ஊசி குத்தும்போது ஒவ்வொரு எலியும் ஒரு சின்னச் சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கு ஏதாவது பலன் உண்டா என்று தெரியாமலே குத்திக்கொண்டிருக்கிறார். எனக்கு அது தெரியும். ஆனால் நான் சொல்லக் கூடாது.

ஒன்பதாம் வாரத்தில் இடைக்கால உறுதிமொழி. இயக்குநர் முன்னால் கையெழுத்திட வேண்டிய ஒரே ஒரு வரி: ‘எந்த விலங்கு எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பது எனக்குத் தெரியாது.’ என்னைத் தனியாக அழைத்திருந்தார்கள். என் கணவரை அன்று கூப்பிடவில்லை. நடவடிக்கைக் குறிப்பு அவர் கண்ணில் படாமல் முத்திரையிடப்படும் என்றும் சொன்னார்கள்.

கிளம்பும்போது மாமியார் வாசல்வரை வந்தார். சுற்றறிக்கைகளை எல்லாம் படித்திருந்தார்.

“என்ன கேட்டாலும் போட்டுட்டு வந்துடு. ரெண்டு வருஷம் அவனை அனுப்பிட்டு நாம ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துட்டு இருக்கவா? எனக்கு உன்மேல பிரியம்தான். ஆனா அவ்வளவு பிரியம் இல்ல.”

*

இயக்குநரின் மேசை மேல் படிவம் இருந்தது. படிவத்தின் மேல் ஒரு கறுப்புத் துணி, கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் சன்னல் வெட்டி.

“இது ஒரு சம்பிரதாயம்தான்” என்றார் இயக்குநர். “உலகத்துல எத்தனையோ பேர் புத்துநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப் பாக்கிறாங்க. அது யாரு வேணா செய்யலாம். ஆனா ஒம்பது வாரம், எண்பது விலங்கு, ஒரே வீட்ல ரெண்டு ஊழியர், ஒரு வார்த்தை கசியல. இது நம்மால மட்டும்தான் முடியும்.”

திரைச்சீலை தலைகுனிந்து அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டார்.

பேனாவை எடுத்தேன். அந்தச் சன்னலுக்குள் என் பெயரை எழுத வேண்டும், அவ்வளவுதான். என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பேனா முனை காகிதத்தைத் தொட்டதும் எனக்கு அந்த மஞ்சள் எலிகளின் அளவுகள் ஞாபகத்துக்கு வந்தன. ஏழரை. எட்டு. எட்டு. ஒவ்வொரு எண்ணையும் மூன்று முறை சரிபார்த்து எழுதியவள் நான். மஞ்சளைப் பார்க்கவில்லை என்று இங்கே எழுதினால், அங்கே எழுதிய எட்டை யார் நம்புவார்கள்? யாரும் நம்ப வேண்டாம், நான் நம்புவேனா? என் கணவர் போய்விடுவார் என்ற நினைப்பும் கூடவே வந்தது. கதவருகே அவருடைய பெட்டி இருப்பதுபோலக்கூட ஒரு கணம் தெரிந்தது. பேனாவைக் கீழே வைத்தேன்.

“எனக்குத் தெரியும்” என்றேன்.

மூலையில் இருந்த குறிப்பெடுப்பவர் அதை எழுதிக்கொண்டார்.

திரைச்சீலை உடைந்துபோன குரலில் கேட்டார். “வீட்டுக்காரர் சொன்னாரா?”

“அவர் உப்பு ஜாஸ்தின்னுகூட சொல்லல.”

“பின்ன யாரு சொன்னது?”

“எலிங்கதான்.”

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எத்தனை எலி?”

“நாப்பது.”

“எப்படிச் சொல்லிச்சுங்க?”

நான் வாயைத் திறந்தேன். திரைச்சீலை பாய்ந்து, “அதைச் சொல்ல வேண்டாம்!” என்றார். “விதத்தைச் சொன்னா நமக்கும் தெரிஞ்சுடும். இப்ப வரைக்கும் இந்தம்மா ஒருத்தருக்குத்தான் கலைஞ்சிருக்கு.”

“அதுவும் சரி” என்றார் இயக்குநர். விதிப்புத்தகத்தை வரவழைத்து ஒன்பதாம் விதியைப் படித்தார். ‘கலைத்த தரப்பு கிளைக்கு மாற்றப்படும்.’ விரலை அங்கேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். “இதுல பணியாளர்னு போடலையே. தரப்புன்னுதான் போட்டிருக்கு.”

“ஆமாங்க ஐயா.”

“இந்தம்மாவோட வீட்டுக்காரர் எதையும் கலைக்கல. கலைச்சது நாப்பது எலி. அப்ப கிளைக்குப் போக வேண்டியது யாரு?”

திரைச்சீலையின் முகத்தில் வெளிச்சம் பரவியது. “எலிங்கதான் ஐயா.”

பிறகு எல்லாம் மிக ஒழுங்காக நடந்தது. நாற்பது எலிகளுக்கும் தனித்தனியே இடமாற்ற உத்தரவு தட்டச்சு செய்யப்பட்டது. கிளையில் சேர ஏழு நாள் அவகாசம் தரப்பட்டது. எந்த நாற்பது என்று குழுவுக்குத் தெரியக் கூடாது என்பதால் கூண்டு எண் நிரப்பும் இடத்தைக் காலியாக விட்டு என்னிடம் தந்தார்கள். ஊசியை நடுவில் நிறுத்த முடியாது என்பதால் ஊசி போடுபவர் கூடவே போக வேண்டும் என்று முடிவாயிற்று. அளக்கிற கை மாறக் கூடாது என்பதால் நானும் போக வேண்டும். ஆய்வு முடிகிற மூன்று வாரத்துக்கு மட்டும், எலிகளுக்கு உதவியாக.

“இங்க மிச்சம் இருக்கிற நாப்பதை யார் அளக்கிறது?” என்று கேட்டேன்.

“புதுசா ஒருத்தர் வருவார்” என்றார் இயக்குநர். எழுந்து நின்றுவிட்டார். அவருக்குச் சொற்பொழிவு வந்துவிட்டது. “நினைச்சுப் பாருங்க. இங்க இருக்கிறதைப் பாக்கிறவர் அங்க இருக்கிறதைப் பாக்க மாட்டார். அங்க இருக்கிறதைப் பாக்கிறவர் இங்க இருக்கிறதைப் பாக்க மாட்டார். ரெண்டையும் சேத்துப் பாக்க இனிமே இந்த உலகத்துல யாராலயும் முடியாது. மருந்து வேலை செய்யுதா இல்லையாங்கிறதைக் காலம் சொல்லும். ஆனா நம்ம மறைப்பு வேலை செய்யுதுன்னு நான் இன்னிக்கே சொல்லுவேன்!”

திரைச்சீலை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியாக ஒரு சந்தேகத்தையும் அவரே தீர்த்துவைத்தார். கிளைக்குப் போகிற எலிகள் எல்லாம் ஒரே பிரிவு. ஒரே பிரிவு மட்டும் இருக்கிற இடத்தில் மறைக்க எதுவும் இல்லை. ஆகவே ஊரின் எல்லையைத் தாண்டியதும் மறைப்பு விதிகள் எங்கள் இருவரையும் கட்டுப்படுத்தாது.

*

வேன் காலை எட்டு மணிக்குக் கிளம்பியது. பின்பகுதியில் கறுப்புத் துணி போர்த்திய நாற்பது கூண்டுகள். முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் மாமியார். அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது என்று நான் எழுதிக் கேட்டிருந்தேன். நடு இருக்கையில் நாங்கள் இருவரும், நடுவில் நாடாவால் அளக்கத்தக்க இடைவெளி விட்டு.

என் கணவருக்குத் தெரிந்தது உத்தரவு மட்டும்தான். நாற்பது கூண்டுகள் கிளைக்குப் போகின்றன, கூடவே நாங்களும். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

ஊர் முடிந்தது. கடைசிப் பெட்ரோல் பங்க் போனது. வயல்கள் வந்தன. அவர் திரும்பிப் பின்னால் கூண்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பல வாரங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் ஏதோ அசைந்தது.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றார். “இப்ப சொல்லலாம், இல்ல?”

“சொல்லலாம்.”

என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். “ஏத்தும்போது கூண்டு நம்பரைப் பாத்தேன். பின்னாடி இருக்கிறது எல்லாமே மருந்து போட்டது. அந்த மஞ்சளா இருக்கிறதெல்லாம். நீ கவனிச்சிருக்க மாட்டே. நீல விளக்குல தெரிஞ்சிருக்காது.”

அவர் கண்களில் இருந்த பாரம் இறங்குவதை நான் பார்த்தேன். எவ்வளவு நாட்கள் இதைச் சுமந்திருக்கிறார்.

“அப்படியா!” என்றேன். “மஞ்சளா இருக்கிறதுதான் மருந்து எலியா?”

“ஆமா. ஆரம்பத்துலயே தெரியும் எனக்கு. பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன்.”

முன்னாலிருந்து மாமியார் திரும்பாமலே இருமினார்.

வேன் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. பின்னால் நாற்பது கூண்டுகளிலும் மரத்தூள் கரகரத்தது. அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்க வருகிறார் என்று தெரிந்தது. கேட்காமலே இருந்துவிடுவாரோ என்றும் பயந்தேன்.

“கட்டி?” என்றார் கடைசியில். “அதுங்களுக்கு எப்படி இருக்கு?”

“மத்ததுக்கெல்லாம் பதினாலு மில்லிமீட்டர் ஆயிடுச்சு” என்றேன். “இதுங்களுக்கு எட்டு.”

சன்னலுக்கு வெளியே ஒரு மரம், இன்னொரு மரம் என்று போய்க்கொண்டிருந்தன.

“திரும்பச் சொல்லு.”

“எட்டு.” என் கையைப் பார்த்துக்கொண்டேன். எனக்கு அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. “நான் கொஞ்சம் அழுத்தியிருப்பேன். எட்டரைன்னு வெச்சுக்குங்க.”

அவர் சாய்ந்து தலையை இருக்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“எட்டரையே போதும்” என்றார்.